முதலாம் இலக்கக்காரி

மேட்டு லயத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை. தெஹியோவிட்ட டவுனில் நிற்கிற கோபுரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ரப்பர் மலை குறுக்கே படுத்திருக்கிறது. அந்த மலை கொஞ்சம் தணிந்து கொடுக்கிற பக்கத்தில் தெரேசம்மாவின் வாசல் அமைந்தது யாருடைய கெட்டித்தனமும் இல்லை. லயம் கட்டின வெள்ளைக்காரன் போனுக்கு எது தோது என்று பார்த்தா கட்டினான்? அந்த வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். இரண்டு வருடமாகச் சனியும் ஞாயிறும் அந்தக் கதிரை கோகிலாவுக்குத்தான். வேறு யாரும் அதில் உட்காருவதில்லை.

கோகிலா, பால்வெட்டுக் கந்தையாவின் ஒரே மகள். அவிசாவளையில் ஒரு ஃபினான்ஸ் கம்பெனியில் வேலை. வேலை என்றதும் மேசையும் காற்றாடியும் நினைத்துவிடாதீர்கள். கம்பெனி ஸ்கூட்டரில் தோட்டம் தோட்டமாக அலைந்து தவணைப் பணம் கேட்கிற வேலை. வெயிலில் வற்றி, நாய்க்கு ஓடி, அட்டைக்கடி வாங்கி, “அடுத்த கெழம தாறேன் நோனா” என்ற பேச்சைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். தபால் வழியில் ஒரு பட்டம் ஏற்கனவே எடுத்திருந்தாள். அது போதாது என்று கிளை மேனேஜர் இந்திரகுமார் சொல்லிவிட்டார். கடன் அதிகாரி என்று ஒரு மேசை காலியாக இருக்கிறது, முதுமாணி என்கிற மேற்பட்டம் முடித்தவளுக்குத்தான் அது, இரண்டு வருடம்தான் காத்திருக்கும். படிப்புச் செலவில் பாதியைக் கம்பெனி கொடுக்கும், தவறினால் சம்பளத்தில் கழிக்கும்.

அப்போதுதான் அந்த விளம்பரம் போனில் வந்தது. நிதியும் வங்கியியலும், முதுமாணி. நெகிழ்வான கற்கை. தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம், எந்த மொழியிலும் எழுதலாம், எல்லாம் உங்கள் வசதிப்படி. வசதிப்படி என்று அச்சடித்தவனைக் கூட்டி வந்து எங்கள் லயத்தில் ஒரு மழை மாதம் வைத்திருக்க வேண்டும். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பாடம் கேட்பதற்கு அவள் காதில் பஞ்சு மாதிரி ஒரு கருவியை அடைத்துக்கொள்வாள். கரண்ட் போனால் போனோடு சேர்ந்து பேராசிரியரும் செத்துப்போவார்.

இதற்கெல்லாம் ஈடுகொடுத்தவள் தெரேசம்மா. புருஷன் யோசப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். மகன் ஜெறோம் டவுனில் ஒரு முதலாளியின் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். தெரேசம்மா விடிய ஐந்தரைக்கு மலைக்குப் போய் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, சிரட்டைப் பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, ஒட்டுப்பால் நாற்றத்தோடு பகல் திரும்புவாள். வந்ததும் கோழியை விரட்டுவாள். “பிள்ள படிக்குது, வாய மூடுங்க” என்று பக்கத்துக் காம்பராப் பொடிசுகளை அதட்டுவாள். வெறுந்தேத்தண்ணி ஊற்றி, சீனியைத் தனியாக ஒரு தாளில் வைத்துக் கதிரையின் கீழே தள்ளிவிடுவாள், போனில் தெரியாதபடி.

மழை இல்லாத நாளில் போன் சத்தமாகவே ஒலிக்கும். பேராசிரியர் அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசுவார், பிறகு அதையே தமிழில் சொல்லுவார். ஆங்கிலம் ஓடும்போது தெரேசம்மா உள்ளே பலாக்கொட்டை உரிப்பாள். தமிழ் தொடங்கியதும் கை நின்றுவிடும். பாடம் முடிந்தபின் கதவடியில் வந்து நின்று, பணவீக்கம் என்றால் என்ன, பிணையம் என்றால் என்ன என்று கேட்பாள். கோகிலாவும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இன்னும் ரெண்டு வருஷம் போனால் அத்தைக்கும் ஒரு பட்டம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கேலி பேசுவாள். சொந்த அத்தை இல்லை. கோகிலாவின் அம்மா வெள்ளையம்மா தெரேசம்மாவை மதினி என்று கூப்பிடுவதால் இவளுக்கு அத்தை.

கடைசி வருடம் ஆய்வு எழுத வேண்டும். கோகிலா தன் அம்மா பிடிக்கிற சீட்டையே எடுத்துக்கொண்டாள். பத்துப் பெண்கள், மாதம் ஒரு சீட்டு. குலுக்கல் கிடையாது. யார் வீட்டில் சாவோ சடங்கோ அவளுக்கு முதலில், மற்றவர்கள் பின்னால். பதினாறு வருடத்தில் ஒருத்தியும் ஏமாற்றியதில்லை. இதில் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்று அளந்து காட்டுவதுதான் ஆய்வு. பேராசிரியருக்கு மெத்தப் பிடித்துவிட்டது.

கேள்விகளைப் போனிலேயே ஒரு படிவமாகச் செய்திருந்தாள். முதலில், உங்கள் பெயர் எங்கும் வெளிவராது என்று தமிழில் ஒரு பக்கம். அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். ஏழாவது கேள்விதான் குடியைக் கெடுத்தது. உங்கள் குழுவில் சீட்டு எடுத்தபின் கட்டாமல் போகக்கூடியவர் யார், ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள்.

முதலில் கேட்டது தெரேசம்மாவை. உட்கார்ந்திருந்ததே அவள் வாசலில்தானே.

“எப்புடி பிள்ள ஒருத்தி பேர சொல்றது? எல்லாரும் ஒரே பீலியில தண்ணி புடிக்கிறோம்.”

“பேரு போடாட்டி அடுத்த பக்கம் போகுதில்ல அத்த. செவப்பா எழுத்து வருது.”

“எடம் வெறுமையா இருக்கக் கூடாதா?”

“கூடாதாம்.”

தெரேசம்மா போனில் இருந்த அந்தச் சிவப்பு எழுத்தை எட்டிப் பார்த்தாள். “அப்ப என் பேரயே போட்டுக்க. யாருக்கும் நோகாது.”

கோகிலா சிரித்தபடி அந்தப் பெயரைப் போட்டாள். அன்றைக்கு இரவே படிவங்களை அனுப்பியாக வேண்டும். அடுத்த காம்பரா விஜயகலாவிடம் போனாள். விஜயகலா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கேள்வி வந்ததும், மற்றவங்க யார் பேரைச் சொன்னாங்க என்று கேட்டாள். தெரேசம்மா அத்தை பேர் ஒன்று இருக்கிறது என்று கோகிலா சொல்லிவிட்டாள். அப்படியானால் அதையே போடு என்றாள் விஜயகலா. அடுத்தவளும் அதைத்தான் கேட்டாள், அதைத்தான் சொன்னாள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஃபாரம் என்று வந்தால் வரிசையில் முன்னால் நின்றவர் என்ன சொன்னாரோ அதையே சொல்லிவிட்டுப் போவதுதான் எங்கள் பழக்கம். குடியுரிமை ஃபாரம், கூப்பன் ஃபாரம், வீட்டு ஃபாரம் எல்லாவற்றையும் அப்படித்தான் நிரப்பினோம். தனியாக ஒரு பதில் சொன்னவனைத்தான் ஆபீசுக்குத் திரும்பக் கூப்பிட்டு நாள் முழுக்க நிற்க வைத்திருக்கிறார்கள். இது கோகிலாவுக்கும் தெரியும், அவள் ஒன்றும் கொழும்பில் பிறந்தவள் இல்லை. ஒவ்வொருத்தியையும் தனியாக உட்கார வைத்து, மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேட்டிருக்க வேண்டும். நேரம் இல்லை. பத்தாவதாக வெள்ளையம்மா, ரொட்டி மாவுக் கையோடு, என்ன ஏது என்று கேட்காமலே, “மதினி பேருதானே, போடு” என்றாள். பத்துப் படிவத்திலும் ஒரே பெயர்.

ஆய்வில் பெயருக்குப் பதில் இலக்கம். தெரேசம்மா முதலாம் இலக்கம். கட்டாமல் போகக்கூடியவர் யார் என்ற இடத்தில் பத்துப் பேரும் முதலாம் இலக்கக்காரியைச் சுட்டியிருந்தார்கள். இவ்வளவு ஒருமித்த தரவை இதுவரை கண்டதில்லை என்று பேராசிரியர் எழுதியிருந்தார். இந்திரகுமாரும் ஒரு பிரதி கேட்டார். கம்பெனி பாதிச் செலவு கொடுக்கிறதல்லவா, இலக்கம் இல்லாமல் பெயரோடு உள்ள மூலத் தாளை அனுப்பச் சொன்னார். கோகிலா அவிசாவளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே ஒரு கையால் அனுப்பிவிட்டாள். பெயர் வெளிவராது என்று வாசித்துக் காட்டிய பக்கம் அந்த நேரம் அவள் நினைவுக்கே வரவில்லை. மேனேஜர் கேட்டுவிட்டார் என்ற பெருமைதான் இருந்தது.

அந்த மாதந்தான் ஜெறோமின் முதலாளி ஆட்டோவை விற்கப்போவதாகச் சொன்னார். ஆறு வருடம் ஓட்டின பிள்ளை என்பதால் முதலில் அவனிடம் கேட்டார். மாதக் கடைசி ஞாயிறு வரை தவணை, அதற்குள் லீசிங் கடன் கிடைத்தால் அவனுக்கு, இல்லாவிட்டால் கலவானக்காரன் ஒருத்தன் காசோடு நிற்கிறான். ஜெறோம் கோகிலாவின் கம்பெனிக்குத்தான் போனான். தாயும் மகனும் சேர்ந்து கையெழுத்து வைத்தார்கள். கோகிலாவைச் சிபாரிசு கேட்கக்கூட இல்லை, அவளுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று.

கிடைக்கவில்லை. தோட்டத்துக்குள் இருந்தே உங்கம்மாவைப் பற்றி ஒரு ரிப்போர்ட் வந்திருக்கிறது, அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்று இந்திரகுமார் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்டத்துக்குள் இருந்து ரிப்போர்ட் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். துரைக்கும் பொலிசுக்கும் மொட்டைக் கடிதம் எழுதுகிற கையை எல்லா லயத்திலும் பார்த்திருக்கிறோம். தெரேசம்மாவும் அப்படியே நம்பினாள். அன்றைக்குப் பொழுதுபட கோகிலாவைத் தேடி வந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

“நீ அந்த ஆபீஸ்ல இருக்கிற பிள்ள. யாரு எழுதுனதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. நான் சண்டைக்குப் போக மாட்டேன். யாருக்கு என்னா கெடுதல் செஞ்சேன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

தான் பஸ்ஸில் வரும்போது அனுப்பின தாள்தான் அந்த ரிப்போர்ட் என்று கோகிலாவுக்கு விளங்கிவிட்டது. அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “பாக்குறேன் அத்த” என்றாள்.

மூன்றாம் நாள் பீலியடியில் தெரேசம்மா விஜயகலாவைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு முன் கோழி பயிரைக் கொத்தியதற்கு இருவருக்கும் வாய்த் தகராறு வந்திருந்தது, அதனால் பெட்டிசக்காரி அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். குடம் உருண்டது. விஜயகலா தன் பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தெரேசம்மா நம்பவில்லை. மற்றப் பெண்களையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள், அந்தப் பார்வையில் ஒருத்தியும் தப்பவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மாதச் சீட்டுக்கு இரண்டு பேர் வரவில்லை.

அன்றிரவு கோகிலா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளையம்மா அடுப்படியில் இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

“ஒன் வேல முடியட்டும்னுதானேடி நாங்க அந்தப் பேர சொன்னோம். அது மதினிய அசிங்கப்படுத்தவா? நாளைக்கே போயி ஒங்க ஆபீஸ்ல சொல்லு. எல்லாரும் ஒருத்திய பாத்து ஒருத்தி சொன்னது, மெய்யில்லன்னு சொல்லு.”

“சொன்னா ஆய்வே பொய்யின்னு ஆயிரும்மா. ஞாயித்துக்கெழம கடைசி நேர்முகம். பட்டமும் போவும், மேசையும் போவும். குடுத்த காச சம்பளத்துல புடிப்பாங்க.”

மூன்று நாளாக மழை, வெட்டு இல்லை, நாள் சம்பளத்துக்குப் பேரும் விழவில்லை. கந்தையா பால்வெட்டுக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே இருந்தார், தீட்ட ஒன்றும் மிச்சமில்லாத கத்தியை.

“ஞாயித்துக்கெழம முடியட்டும். பொறகு சொல்லிக்கலாம்.”

“ஞாயித்துக்கெழமயோட ஆட்டோவும் போயிரும்” என்றாள் வெள்ளையம்மா.

“ஆட்டோ இன்னொண்ணு வரும். நம்ம வம்சத்துல மேசைக்கு அந்தப் பக்கம் யாரு ஒக்காந்தா? அது திரும்ப வராது.”

வெள்ளையம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அதோடு பேச்சு முடிந்தது. கந்தையா கெட்டவர் இல்லை. யோசப் செத்தபோது பிரேதத்தைத் தோளில் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அந்த இரவு அவர் பேசியது அதுதான், அதை நான் மெழுகிச் சொல்லப் போவதில்லை.

கடைசி நேர்முகத்துக்குக் கோகிலா டவுனில் கூட வேலை செய்பவளின் வீட்டைக் கேட்டு வைத்திருந்தாள். அந்த இஸ்தோப்பில் போய் உட்கார அவளுக்கு முகம் இல்லை. ஆனால் ஞாயிறு விடியும்போது மழை வெளுத்து வாங்கியது. பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பத்து மணிக்கு நேர்முகம். ஒன்பதரைக்கும் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு லயத்தின் நடுவில் நின்று போனை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காம்பராவிலிருந்து தெரேசம்மா கூப்பிட்டாள்.

“இன்னைக்குத்தானே பிள்ள ஒனக்கு? அங்க நின்னு என்னா செய்யிற, இங்க வா. என் கவல என்னோட. படிப்ப கெடுத்துக்காத.”

நீலக் கதிரை துடைத்துப் போட்டிருந்தது. மழைச் சாரல் அடிக்காமல் உரச்சாக்கு ஒன்றைத் தெரேசம்மா கட்டித் தொங்கவிட்டிருந்தாள். படிக்கட்டின் கீழே எப்போதும் ஆட்டோ நிற்கிற இடத்தில் சேறு மட்டும் இருந்தது. ஜெறோம் சாவியைத் திருப்பிக் கொடுக்க விடியற்காலையே போயிருந்தான்.

ஆங்கிலத்திலேயே முடித்துவிடலாம் என்று கோகிலா மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். எல்லாப் பதிலையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மழை கொஞ்சம் தணிந்திருந்ததால் காதுக் கருவி வேண்டியிருக்கவில்லை, முதல் கால் மணித்தியாலம் நன்றாகத்தான் போனது. உள்ளே பலாக்கொட்டை உரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வெளிப் பரிசோதகராக வந்திருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். மனப்பாடத்தில் இல்லாத கேள்வி. கோகிலாவின் ஆங்கிலம் தடுக்கியது, ஒரே சொல்லை மூன்று தடவை சொன்னாள். அந்த அம்மா நல்லவர். அன்பாகச் சிரித்தார். இது இரு மொழியிலும் செய்கிற பட்டம்தானே, பதறாமல் தமிழில் சொல்லுங்கள், நானும் தமிழிலேயே கேட்கிறேன் என்றார்.

உள்ளே பலாக்கொட்டைச் சத்தம் நின்றது.

“சீட்டுப் பிடிக்கிற பத்துப் பெண்களும் கட்டாமல் போகக்கூடியவர் என்று ஒரே ஆளைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொல்லியிருக்கலாமா?”

கதவு கோகிலாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தது.

“இல்லைங்க மேடம். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத்தான் கேட்டேன்.”

“அதைவிட விசேஷம், அந்த முதலாம் இலக்கக்காரி தன் பெயரைத் தானே சொல்லியிருக்கிறார். அதை எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள்?”

“அவங்களுக்கே தெரியும் மேடம், தன்னால கட்ட முடியாதுன்னு. அதத்தான் ஒத்துக்கிட்டாங்க.”

“நல்ல அவதானிப்பு. உங்கள் நிறுவனத்துக்கு இது பயன்பட்டதா?”

“ஆமாங்க மேடம். ஆட்டோ லீசிங் விண்ணப்பம் ஒண்ண இத வச்சுத்தான் நிராகரிச்சாங்க.”

திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, வாழ்த்துக்கள் என்று போனில் இருந்த மூன்று பரிசோதகர்களும் சொன்னார்கள். போன் இருண்டது. கோகிலா கதிரையை விட்டு எழும்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தூர நின்று பார்த்துக்கொண்டிருந்த கந்தையா தலையை ஆட்டியதும் வெள்ளையம்மா கேசரிச் சட்டியோடு வந்தாள். விடியவே கிண்டி வைத்திருந்தாள். மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மற்றப் பெண்களும் வந்தார்கள். எங்கள் லயத்தில் முதல் முதுமாணி, கோபதாபம் பார்க்கிற நாளா அது? விஜயகலா மட்டும் பக்கத்துக் காம்பராத் தூணோடு ஒதுங்கி நின்றாள். வெள்ளையம்மா முதல் கேசரியை வாழையிலைத் துண்டில் வைத்து, கதவடியில் வந்து நின்ற தெரேசம்மாவிடம் நீட்டினாள்.

தெரேசம்மா வாங்கினாள். எல்லாரும் பார்க்க ஒரு வாய் போட்டாள். முந்தானையில் விரலைத் துடைத்தாள்.

“பிள்ள நல்லா பேசுச்சு. இங்கிலீசு எனக்கு வெளங்கல. கடைசியில தமிழ்ல பேசுச்சு பாருங்க, ஒரு சொல்லு விடாம வெளங்குச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். தெரேசம்மாவும் பாஸ்தான் என்று ஒருத்தி சொன்னாள். கோகிலா எழுந்து நின்றுவிட்டாள். தெரேசம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தூணடியில் நின்ற விஜயகலாவைப் பார்த்தாள்.

“ஏன் அங்க நிக்கிற? இங்க வா. ஒன் மேல தப்பில்ல, நாந்தான் வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன், மன்னிச்சுக்க. பெட்டிசம் யாரு குடுத்ததுன்னு தெரிஞ்சு போச்சு.”

யாரு, யாரு என்று எல்லாரும் கேட்டார்கள்.

“நாந்தான். எடம் வெறுமையா இருக்கக் கூடாதுன்னு என் பேர நானே குடுத்தேன்.”

ஒருத்திக்கும் விளங்கவில்லை. வெள்ளையம்மாவுக்கு மட்டும் விளங்கியது, கையில் இருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. தெரேசம்மா நீலக் கதிரையை ஒரு கையால் தூக்கினாள். சாரலில் நனைந்த அதன் கால்களை முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு வெளியே வந்து, தொங்கிய உரச்சாக்கின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. கோகிலா உதவிக்குக் கையை நீட்டினாள்.

“விடு பிள்ள” என்றாள் தெரேசம்மா. “நீ போயி சாப்புடு.”

கீழே படிக்கட்டில் ஜெறோம் நடந்து வந்துகொண்டிருந்தான்.